நியூயார்க்கில் ஓர் இலித்துவேனியர்



மொழியை முடக்கினால் இனம் முடங்கும் என்று கணக்கிட்ட உருசிய வல்லரசு, 1864 தொட்டு 1904 வரை, இலித்துவேனிய மொழியை இலத்தீன எழுத்தில் அச்சிடவே தடைவிதித்திருந்தது. எல்லைக்கப்பால் செருமானிய மண்ணில் அச்சிட்ட நூல்களை முதுகிற் சுமந்து இரவோடிரவாகக் கொணர்ந்து ஊர்தோறும் கொடுத்தவர் எளிய உழவர்கள். பிடிபட்டவர் சைபீரியப் பனிக்காட்டுக்குத் துரத்தப்பட்டனர். அம்மண்ணின் செமெனிசுக்கியை என்னும் சிற்றூரில் 1922-இல் பிறந்தவரே யோனாசு மேக்காசு.

1944-இல் இவரையும் தம்பியையும் செருமானியர் பிடித்துக் கட்டாய வேலைக் கொட்டடியில் அடைத்தனர். போர் முடிந்தபின் ஏதிலியர் குடியிருப்புகளில் உழன்று, 1949-இல் நியூயார்க்கில் வந்திறங்கினார். கையிற் காசில்லை, ஆங்கிலமும் அரைகுறை. எனினும், சில கிழமைகளுக்குள் கடன்பட்டு ஒரு படப்பொறி வாங்கினார்!

1954-இல் தம்பியோடு சேர்ந்து திரைக்கலைக்கென ஓர் இதழ் தொடங்கினார். 1958 முதல் 'வில்லேச்சு வாய்சு' கிழமையிதழில், வணிகர் சீந்தாத படங்களைப் பற்றி விடாது எழுதினார். எழுதினால் மட்டும் போதுமா? படம் மக்கள் கண்ணிற் படவேண்டாவா? அதற்கெனவே 1962-இல் படைப்பாளரைக் கூட்டித் திரைப்படக் கூட்டுறவு ஒன்றை அமைத்தார். எவரும் தம் படத்தை அங்கே வைக்கலாம், உரிமை படைத்தவருக்கே, வாடகையின் பெரும்பங்கும் அவருக்கே. வாயிலில் நின்று தேர்ந்து தள்ளுவார் எவருமிலர். அதனாற் பதரும் சேர்ந்தது; சேரட்டுமே! முதலாளியின் வாயிலில் கைகட்டி நிற்கும் இழிவு ஒழிந்ததன்றோ?

1964-இல் சாக்கு சுமித்து என்பாரின் படமொன்றைத் திரையிட்டதற்காகக் காவலர் இவரைத் தளையிட்டனர். படம் ஒழுக்கக்கேடானது என்பது குற்றச்சாட்டு. அறமன்றம் ஒறுப்பு விதித்து, நிறைவேற்றாது நிறுத்திவைத்தது. அவரோ காட்டுவதை நிறுத்தினாரல்லர்.

மற்றோர் இலித்துவேனியரான சியார்ச்சு மாச்சியூனாசு, 1967-இல் வூசுட்டர் தெருவில் பாழ்பட்ட தொழிற்கூடமொன்றைக் கலைஞர் கூட்டாக வாங்கிக் குடியேற வழிசெய்தார். அதன் கீழ்த்தளத்திலும் மேக்காசின் திரை விரிந்தது. வறிய கலைஞர் குடியேறிப் பெயர்பெற்ற அப்பகுதியில் பின்னர்ச் செல்வரன்றி எவரும் குடியிருக்க இயலாதபடி வாடகை ஏறியது தனிக்கதை.

இத்தனை அலைச்சலிலும் இவர் தாய்மொழியைக் கைவிடவில்லை. படத்தில் ஆங்கிலம் பேசினார். பாக்களையோ பெரும்பாலும் இலித்துவேனிய மொழியிலேயே யாத்தார். 1971-இல், கால் நூற்றாண்டுக்குப் பின் தாயைக் காணச் சென்ற செலவையும் படமாக்கினார்.

1970-இல் நண்பரோடு அவர் நிறுவிய திரைப்படக் காப்பகத்துக்கு நிலையான இடமில்லை. 1979-இல் நகராட்சி கைவிட்ட கட்டடமொன்றை வாங்கினர். அது பழைய அறமன்றம்! பொருள்திரட்டிச் செப்பனிட ஒன்பதாண்டுகள் ஆயின, 1988-இல் திறந்தனர். மேக்காசு 2019 சனவரியில் தம் 96-ஆம் அகவையில் மறைந்தார். அவ்வறமன்றக் கூடத்தில் இன்றும் படங்கள் ஓடுகின்றன.