காண்டல், கருதல், உரை: முன்பெருக்கிப் பலகையில் பழுதறிதல்

பிடோக்கில் நிகழும் இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒலி முன்பெருக்கி. ஒலிவாங்கியிலிருந்தோ வீணையில் ஒட்டிய உணரியிலிருந்தோ வரும் மிக மெல்லிய மின்குறிப்பை வளர்த்துத் தருவது அது. அதன் நடுவே இருப்பது செயல்பாட்டுப் பெருக்கி. பட்டறை வழக்கில் ஆப்-ஆம்ப். அதனைத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் நாமே கட்டுவதையும், கட்டியது இயங்காதபோது பழுதைக் கண்டறிவதையும் இங்கே காண்போம்.

செயல்பாட்டுப் பெருக்கி என்னும் பெயர் 1947இல் ஜான் ரகாசினியும் அவர்தம் துணைவரும் எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. அந்நாளில் அது வெற்றிடக் குழல்களால் ஆன கணிப்புச் சுற்று. 1968இல் வெளிவந்த 741 என்னும் சில்லு அதனை ஒரு விரல்நுனியில் அடக்கியது. ஆயினும் ஒலிப்பதிவுத் துறையில் தனிக்கூறுகளால் கட்டும் மரபு அற்றுப்போகவில்லை. டீன் ஜென்சன் 990 என்னும் தம் வடிவமைப்பை 1980இல் ஆய்விதழில் வெளியிட்டார். நம் நாட்டுக்கும் இத்துறையில் பங்குண்டு. 1981இல் சிங்கப்பூரில் தோன்றிய கிரியேட்டிவ் நிறுவனம், பிற்காலத்தில் தன் ஒலி அட்டைகள் சிலவற்றில், பயனரே சில்லைக் கழற்றி வேறொன்றைச் செருகும்படி தாங்கிகளை அமைத்தது.

தனிக்கூறுப் பலகை சில்லைவிட இனிமையாக ஒலிக்கும் என்று நாம் வாக்களிக்கவில்லை. இரைச்சலிலும் திரிபிலும் இன்றைய நல்ல சில்லுகள் அதனை எளிதில் வெல்லும். பலகையின் சிறப்பு வேறு. சில்லு பழுதானால் எறிந்துவிடுகிறோம். அதனுள்ளே நடந்தது நமக்குத் தெரிவதில்லை. பலகையிலோ ஒவ்வொரு புள்ளியிலும் மல்டிமீட்டரின் முனையை வைத்துக் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்கக் கற்பிப்பதே அதன் பயன்.

அறிவு பெறும் வழிகளை அளவை என்று நம் முன்னோர் வழங்கினர். அவற்றுள் தலையாயவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்று. நேரே கண்டறிதல் காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கார் சொல்லைக் கொள்ளுதல் உரை. பழுதறியும் கலை முழுவதும் இம்மூன்றையும் அதனதன் இடத்தில் வைப்பதே.

முதலில் பலகையின் அமைப்பு. அதற்கு மூன்று படிகள் உண்டு. முதற்படியில் ஒத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரு உள்ளீடுகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் படி அவ்வேறுபாட்டைப் பன்மடங்காக்கும். மூன்றாம் படி அடுத்த கருவியை இயக்கப் போதிய மின்னோட்டத்தைத் தரும். வெளியீட்டின் ஒரு பங்கு மின்தடைகள் வழியே திரும்பி வந்து எதிர் உள்ளீட்டைச் சேரும், இதுவே எதிர்ப்பின்னூட்டம். திரும்பும் வழியில் 10 கிலோ ஓமும் தரைக்கு 1 கிலோ ஓமும் இட்டால் பெருக்கம் 11 மடங்கு. டிரான்சிஸ்டர்கள் சற்று மாறுபட்டாலும் இந்த எண் மாறாது. அதனை நிறுத்துபவை அவ்விரு மின்தடைகளே.

கூறுகளை வாங்கப் பிடோக் நார்த்திலிருந்து டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமலே ஜாலான் புசாரில் இறங்கலாம். லிட்டில் இந்தியாவை அடுத்த சிம் லிம் டவர் அருகில்தான். அங்கே உரையின் முதற்பாடம் காத்திருக்கிறது. பிசி547, 2என்3904, 2எஸ்சி1815 ஆகிய மூன்றும் தோற்றத்தில் ஒன்றே. தட்டைப் பக்கம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், முதலாவதன் கால்கள் இடமிருந்து ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். இரண்டாவதில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். மூன்றாவதில் உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய். ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை அப்படியே பொருத்தினால் பலகை பேசாது. எனவே தயாரிப்பாளரின் தரவுத்தாள் என்னும் உரையைப் பற்றவைக்கும் முன்பே நாட வேண்டும்.

அடுத்தது காண்டல். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மாணவர் தொட வேண்டியதில்லை. 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டு போதும். ஒவ்வொரு மின்வழங்கல் கம்பியிலும் 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இடுக. பலகை 10 மில்லியாம்பியர் எடுக்க வேண்டுமெனில் அதன் குறுக்கே 1 வோல்ட் தெரிய வேண்டும். சுழியமானால் எங்கோ தொடர்பு அறுந்துள்ளது. 9 வோல்ட்டை நெருங்கினால் குறுக்கிணைப்பு, உடனே மின்கலத்தைக் கழற்றுக. பிறகு ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே அளந்திடுக. இயங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் காட்டும். கண்ட எண்ணை உடனே ஏட்டில் எழுதுக, நினைவை நம்பற்க.

இனிக் கருதல். உள்ளீட்டில் ஒன்றுமில்லாதபோது வெளியீடு சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது 8 வோல்ட்டில் ஒட்டிக்கிடக்கிறது என்க. உடனே டிரான்சிஸ்டர்களை மாற்றத் தொடங்குவது கருதல் ஆகாது. இரு உள்ளீடுகளையும் அளந்திடுக. எதிர் உள்ளீடு மற்றதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால் வெளியீடு இறங்கியிருக்க வேண்டும். இறங்காமையால் பழுது பெருக்கிக்குள்ளே இருக்கிறது. வெளியீடு 8 வோல்ட்டாகியும் எதிர் உள்ளீடு சுழியத்திலேயே கிடந்தால், திரும்பி வர வேண்டிய செய்தி வரவில்லை. பின்னூட்ட மின்தடையின் பற்றவைப்பை நோக்குக. ஓர் அளவை பலகையின் பாதியை ஐயத்திலிருந்து விடுவித்துவிட்டது.

எல்லா அளவும் சரியாக இருந்தும் டிரான்சிஸ்டர் சுடுவதுண்டு, ஒலி கரகரக்கும், முனையால் தொட்டால் எண் தாவும். இவை காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் பலகை தானே அலைவுறுவதன் அடையாளங்கள். திரும்பும் செய்தி காலம் தாழ்ந்து வருவதால், தடுக்க வேண்டியது தூண்டிவிடுகிறது. இரண்டாம் படியின் ஈடுசெய் மின்தேக்கி இடம்பெற்றுள்ளதா, மின்வழங்கல் கால்களருகே 100 நானோஃபாரட் மின்தேக்கிகள் உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

பின்னாளில் ஆசிரியர் மேற்பார்வையில் மின்மாற்றியுடன் இணைக்கும்போது ரீங்காரம் எழலாம். இங்கே காதே கருவி. 50 ஹெர்ட்ஸ் முரலல் பெரும்பாலும் மின்மாற்றியின் காந்தப்புலத்தாலோ தரையிணைப்பு வளையத்தாலோ வருவது. 100 ஹெர்ட்ஸ் முரலல் மின்திருத்தியை அடுத்த வடிகட்டலின் குறையைச் சுட்டும். இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயி. தம்புராவுக்குச் சுருதி சேர்த்துப் பழகிய மாணவர் இதனைக் கருவியின்றியே பிரித்தறிவர்.

இறுதியாக மொழியைப் பற்றி ஒரு சொல். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர், அது மாறப்போவதில்லை. ஆனால் ‘ஆகவே’, ‘ஆயின்’, ‘ஆகாமையால்’ என்று காரணம் கோக்கும் வேலை தமிழுக்கு இல்லாமற் போனால், அது வாழ்த்துக்கும் விழாவுக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கும். ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது எளியது. ‘வேலை செய்யவில்லை’ என்று பலகையை நீட்டும் மாணவரிடம் மூன்று வரிகளைத் தமிழில் கேளுங்கள்: கண்டது என்ன, கருதியது என்ன, எவ்வுரையைக் கொண்டு சரிபார்த்தாய்? அவ்வரிகளை எழுதி முடிக்கும் முன்பே பல பலகைகளின் பழுது பிடிபட்டுவிடும்.