தவளைக் குஞ்சுகளைக் கரையேற்றுவோம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



முதல் பெருமழை பெய்த இரவிலே ஊர் முழுதும் தவளைகளின் ஒலி கேட்கின்றது. ஆண் பெருந்தவளைகள் மஞ்சள் நிறம் பூண்டு குட்டைகளில் திரள்வதை நாம் கண்டிருக்கிறோம். மறுநாள் காலை நீரில் வழவழப்பான முட்டைகள் காணப்படும். அதற்குப் பின் அவற்றின் கதி யாது என்று நம்மிற் பலர் எண்ணுவதில்லை. மழை சில நாள் ஏமாற்றினாற் போதும். வண்டித் தடத்திலும் வரப்போரப் பள்ளத்திலும் நீர் வற்றி, தலைப்பிரட்டைகள் சேற்றோடு காய்ந்து போகின்றன.

இந்த இழப்பு வயலுக்கு உற்ற இழப்பாகும். தத்துப்பூச்சி, அந்துப்பூச்சி முதலியவற்றைக் கூலியின்றித் தின்பது தவளை. அதன் கால்களை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு 1987-ஆம் ஆண்டில் தடை செய்தது. எனினும் வற்றும் குட்டைக்கு எந்தத் தடையும் உதவாது.

ஆகவே, வற்றப் போகும் பள்ளத்திலிருந்து சிறிதளவு முட்டையை அந்நீருடனேயே எடுத்து, தோட்டத்துத் தொட்டியில் வளர்க்கலாம். நம் வெயிலில் ஓரிரு நாளிற் குஞ்சு பொரிக்கும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால், மழைநீரோ குளத்து நீரோ நல்லது. தொட்டியின் பாதிக்கு நிழல் வேண்டும். பாசியே பெரும்பாலான குஞ்சுகளுக்கு உணவு. வேகவைத்த கீரை சிறிது இடலாம். சோற்றை அள்ளிக் கொட்டுவோர் உண்டு. அது புளித்து நீரைக் கெடுக்கும். பெருந்தவளையின் குஞ்சோ பிற குஞ்சுகளைத் தின்னும் இயல்புடையது. அதைத் தனியே விடுக. கொசு முட்டையிடாதவாறு தொட்டியின்மேல் வலை கட்டுவது அவசியம்.

பின்னங்கால் முதலிலும் முன்னங்கால் பிறகும் தோன்றும். இனத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நாட்கள் மாறினும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்திற்குள் இது நிறைவேறும். முன்னங்கால் வந்ததும் குஞ்சு செவுளை விட்டு நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்குகிறது. அப்பொழுது ஏறி உட்காரக் கரை இல்லையேல் நீரிலேயே மூழ்கி மாளும். நேர்ச்சுவருடைய சிமெண்டுத் தொட்டிகள் பலவும் இவ்வாறே கொல்லும் தொட்டிகளாகின்றன. ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாலோ, கல்லை அடுக்கிச் சரிவு செய்தாலோ போதுமானது. செலவு ஒன்றுமில்லை. வால் சுருங்கும் நாட்களில் குஞ்சு இரை கொள்ளாது. அது கண்டு அஞ்ச வேண்டா. கரையேறியவற்றை முட்டை எடுத்த இடத்தருகிலேயே, ஈரமும் புல்லும் உள்ள வரப்பில், அந்தி வேளையில் விட்டுவிடுக.

மன்றத்தார் செய்ய வேண்டுவன இரண்டு. மருந்து தெளித்த கருவியைக் குட்டையிற் கழுவ எவரையும் அனுமதிக்கலாகாது. தவளைக் குஞ்சின் மெல்லிய தோல் நஞ்சை எளிதில் ஈர்க்கும். மற்றொன்று கம்பூசியா மீன் பற்றியது. கொசுவை ஒழிக்க 1928 முதல் நம் நாட்டில் விடப்பட்டுவரும் இம்மீன், தவளை முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே உண்ணும். கொசு ஒழிப்பை நாம் குறைகூறவில்லை. காய்ச்சல் கண்ட ஊரின் துயரம் நாம் அறிந்ததே. ஆயினும் மீன் விட வரும் பணியாளரிடம், எந்தக் குட்டையில் தவளைகள் முட்டையிடுகின்றன என்று காட்டி, அதனை மட்டும் விலக்கிவிடச் சொல்லலாம். அந்தக் குட்டைகளின் பட்டியலை இம்மழைக்கு முன்பே மன்றக் கூட்டத்தில் எழுதி வைத்துக்கொள்க.