டேவிஸ் கோப்பையும் ரெண்டு தம்ளரும்

(திண்டிவனத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

சேரியைப் பத்திப் பேச வந்தவன் டென்னிஸைப் பத்திப் பேசுறானேன்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒரு இடத்துல வந்து சேரும்.

விஜய் அமிர்தராஜ் 1953இல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயசில் நோயாளிப் பிள்ளை. 1973இல், 19 வயதில், விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். அதே வருடம் அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் அங்கேயே பியான் போர்க்கைத் தோற்கடித்தார். 1980இல் உலகத் தரவரிசையில் 18ஆம் இடம். பெரிய ஆட்டக்காரர், சந்தேகமில்லை.

அவர் ஆடாமல் விட்ட ஓர் ஆட்டத்தைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

1974 டேவிஸ் கோப்பை. விஜயும் அண்ணன் ஆனந்தும் இருந்த இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3–2 என்று வென்றது. புனேயில் சோவியத் அணியை வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்றது இந்தியா. ஆடாமலேயே கோப்பை அவர்களுக்குப் போனது. விஜய்க்கு அடுத்த இறுதிப் போட்டி கிடைக்க 13 வருடம் ஆனது. 1987இல் ஸ்வீடனிடம் 0–5 என்று தோற்றார்கள்.

அந்த மறுப்பு சரியானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அப்போ எனக்குப் பத்து வயசு. திண்டிவனம் – விழுப்புரம் ரோட்டோரம் ஒரு டீக்கடை. ரேடியோவில் இந்தச் செய்தி. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரில் குடித்துக்கொண்டிருந்தவர்கள், “சரியான அடி” என்றார்கள். எங்கப்பா கூரையில் செருகியிருந்த அலுமினியத் தம்ளரை எடுத்துக் கழுவி நீட்டினார். எட்ட இருந்து டீயை ஊத்தினார்கள். திரும்பி வரும்போது கேட்டேன்:

“தென்னாப்பிரிக்கா எங்கப்பா இருக்கு?”

“தெரியாதுடா. அங்கயும் நம்மள மாதிரி சனங்க இருக்காங்க போல.”

நாலே வருடத்தில், 1978 ஜூலையில், இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். யார் எந்த ஆட்டத்தை நிறுத்தினார்கள்?

2001இல், நிறவெறி ஆட்சி ஒழிந்த அதே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில், இனவெறிக்கு எதிராக ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியையும் அதில் பேசணும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. கூடாது என்றது இந்திய அரசு. சாதி உள்நாட்டு விஷயமாம்! நிறவெறியும் அந்த நாட்டுக்கு உள்நாட்டு விஷயமாகத்தானே இருந்தது?

மாணவத் தோழர்களே, உங்க ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி வைக்கிறார்கள். சேரி அணியின் பெயரை எழுதிக்கொள்ள மறுக்கிறார்கள். உங்கள் வகுப்பில் உங்களோடு உட்காரும் ஊர்த் தெரு நண்பனிடம் ஒன்று கேளுங்கள்: “அவங்க இல்லாம நாங்களும் எறங்க மாட்டோம்னு உன் அணி சொல்லுமா?”

1974இல் தூர தேசத்து மக்களுக்காக அதைச் சொல்ல முடிந்தது. பக்கத்துத் தெருவுக்காக, கோப்பை போனால் போகட்டும் என்று சொல்லும் ஒரு அணியைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.