கடையில் போட்டுப் பார்க்கும்போது

(தீபாவளிக்கு முந்தைய மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செயலாளர் கேட்டுக்கொண்டபடி கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)



போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக் காண்ட்ராக்ட் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். இன்று எனக்குத் தலைவர் கொடுத்திருப்பது 15 நிமிடம். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். செருப்பையும் சட்டையையும் கடையில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பேச்சா என்று தோன்றுவது நியாயம்தான். மூன்று வருடம் முன்பு யாராவது இதைப் பேசியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஷூ வாங்கப் போனேன். கடைப் பெயர் வேண்டாம், தப்பு கடையுடையது இல்லை. இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன் என் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தான். மூன்றாவது ஜோடி வரும்போது, "சார், ஒரு சாக்ஸ் தரட்டுமா? போட்டுக்கிட்டுப் பார்த்தா சைஸ் சரியாத் தெரியும்" என்று மெதுவாகக் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. "ஏம்ப்பா, என் கால் அழுக்கா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் அவன் எதுவும் சொல்லவில்லை. வெறுங்காலோடு எட்டு ஜோடி போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, சர்க்கரைக்காக வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் என் காலைப் பார்த்தார். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஷூ போட்டு வியர்ப்பதால் வருகிற அரிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சேற்றுப்புண் என்றார். கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்திருந்ததே, அதுவும் பூஞ்சைதான். "வீட்டில் வேறு யாராவது உங்கள் செருப்பைப் போடுகிறார்களா?" என்று கேட்டார். என் பேரனுக்கு அப்போது ஆறு வயது. தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவில் டக் டக்கென்று நடப்பது அவனுக்கு ஒரு விளையாட்டு. அவன் காலைப் பார்த்தோம். அவனுக்கும் இருந்தது.

பேரனுக்கு மருந்து வாங்கிப் போட்டோம், சரியாகிவிட்டது. அந்த எட்டு ஜோடியை எனக்குப் பிறகு யார் யார் போட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. 35 வருடம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான். யார் யார் கையிலோ புரண்ட நோட்டுகளை எண்ணிவிட்டு, மதியம் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொட மாட்டேன். மற்றவர் கையிலிருந்து எனக்கு என்ன வரும் என்று அவ்வளவு யோசித்தவனுக்கு, தன்னிடமிருந்து மற்றவருக்கு என்ன போகும் என்று தோன்றவே இல்லை.

இதில் பயமுறுத்த வேண்டியதும் இல்லை. ஒரு சட்டையை இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றுவதால் பெரிய வியாதி எல்லாம் வந்துவிடாது. எச்.ஐ.வி. போன்றவை துணி மூலம் பரவுவதே இல்லை. சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதுவும் பெரும்பாலும் நீண்ட நேரம் தோலோடு தோல் படுவதால்தான் தொற்றுகிறது. பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். பூஞ்சை அப்படி இல்லை. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் அதற்கு வேண்டும், ஷூவின் உள்பக்கத்தில் மூன்றும் இருக்கிறது. அதன் வித்துகள் நாள்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். இப்போது நம் நாட்டில் படர்தாமரை முன்போல் ஒரு டியூப் களிம்பில் போவதில்லை என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அரிப்பு அடங்கினாற்போல் இருக்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். இங்கே எத்தனை வீட்டு அலமாரியில் அந்த டியூப் இருக்கிறது என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

ஆகவே செருப்புக் கடைக்குப் போகும்போது ஒரு ஜோடி துவைத்த பருத்தி சாக்ஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வைத்திருக்கும் சாக்ஸ் புதிதாக இருந்தால் சரி. எல்லோரும் போட்டுக் கழற்றிய ஒரே சாக்ஸ் என்றால் வெறுங்காலே மேல். காலில் புண், வெடிப்பு, அரிப்பு இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம், ஆறியபின் போகலாம். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

நம் குடியிருப்பில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலை பத்து மணிக்குச் சரியாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். அதனால் மாலையில் போய் வாங்குவது நல்லது. இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்று, நாலடி நடந்து பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குப் பொருந்துவதைத்தான் எடுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பெட்டியில் வைக்கும் காகிதம், தையல் முடிச்சு, ஆணி முனை, எதுவும் இருக்கலாம். உணர்ச்சி குறைந்த காலுக்குக் குத்துவது தெரியாது. அன்று ராத்திரி ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருந்தால் அழகு பார்க்காமல் அதையே வாங்குங்கள்.

இப்போது துணிக்கு வருகிறேன். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. புதுத்துணியைத் துவைத்துத்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். கோடியைத் துவைத்துப் போட்டால் அது என்ன தீபாவளி என்று என் மனைவி கேட்கிறாள். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். கோடி என்றாலே தண்ணீர் படாத துணி என்றுதானே அர்த்தம். எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் மஞ்சள் வைத்த கோடியைப் பெரியவர்கள் கையால் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

இதைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தப்பென்றால் மாமிகள் மன்னிக்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா ஒரு முழு தானில் துணி கிழித்து வாங்கிவருவார். அண்ணன், தம்பி, நான் மூவருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. டெய்லர் வீட்டுக்கு வந்து அளவெடுப்பார், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வரை அவர் கடை வாசலில் காத்துக் கிடப்போம். அந்தச் சட்டையை எனக்கு முன்னால் யாரும் போட்டதில்லை. புடவையையும் வேட்டியையும் யாரும் போட்டுப் பார்த்து வாங்குவதில்லை, தோளில் சார்த்திக் கண்ணாடியில் பார்ப்பதோடு சரி. அவை இன்றைக்கும் கோடிதான். ஆனால் தி.நகரில் இரண்டாவது மாடியில் சட்டத்தில் தொங்கும் ரெடிமேட் சுடிதாரைத் தீபாவளி சீசனில் எத்தனை பேர் போட்டுக் கழற்றியிருப்பார்கள்? அது நம் கைக்கு வரும்போதே பழகிய துணி. அதைக் கோடி என்று மஞ்சள் வைப்பது நம் ஆசைக்காகத்தான். மஞ்சள் மங்களத்துக்கு, மூலையில் வைத்த ஒரு பொட்டு வியர்வையையும் சாயத்தையும் எடுத்துவிடாது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். ரெடிமேட் அத்தனையும் வாங்கிய மறுநாளே ஒரு அலசு அலசி நிழலில் காயும். வேட்டியும் புடவையும் அப்படியே இருக்கும், மஞ்சள் அவற்றுக்கு. துவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கசங்காத துணி என்று விற்பதற்கெல்லாம் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த ஒரு பசையைப் பூசுவது பழக்கம். சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் கழுத்திலும் அக்குளிலும் தடிக்கும். அடர்நிறத் துணியில் ஒட்டாமல் தங்கும் சாயமும் அப்படித்தான். முதல் அலசலில் இரண்டும் பெருமளவு குறைந்துவிடும்.

டிரையல் ரூம் பற்றி என் மனைவி சொல்லச் சொன்னது இது. உதட்டுச் சாயம், பவுடர், நெற்றிக் குங்குமம், தலை எண்ணெய் எல்லாம் கழுத்துப் பட்டியில் ஒட்டிக்கொள்கிறது. போடுவதற்கு முன் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துக்கொண்டால் போதும். ஆண்களுக்கும் சந்தனமும் விபூதியும் வியர்வையும் உண்டு, நாம் பேசாமல் இருந்துவிட முடியாது. மதிய வெயிலில் பஸ்ஸில் இறங்கி நேராக டிரையல் ரூமுக்குள் போகாமல், மின்விசிறிக்குக் கீழ் ஐந்து நிமிடம் நின்று வியர்வை ஆற்றிக்கொள்ளலாம். பெண்கள் பருத்தி ஸ்லிப்போ லெக்கிங்ஸோ உள்ளே போட்டுப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உள்ளாடை, நீச்சலுடை இரண்டையும் போட்டுப் பார்க்கக் கேட்கவே வேண்டாம். அளவு நாடாவை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போகலாம்.

கேமரா பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அதை நம்பி இருக்க வேண்டாம், அது நிச்சயமான சோதனை இல்லை. கொக்கி, வென்டிலேட்டர், கதவுச் சந்து, மேலே இருக்கும் பெட்டி போன்றவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சந்தேகமாக ஏதாவது இருந்தால் தொடாமல், கழற்றாமல் வெளியே வந்து 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்கள். உடை மாற்றும் பெண்ணைப் படமெடுப்பது பழைய தண்டனைச் சட்டத்தில் 2013-ல் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77-ஆவது பிரிவு. முதல் முறைக்கே ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை.

கடைப் பையன்கள், பெண்கள் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிச் சட்டையைப் பிரித்தால் குண்டூசி, கிளிப், காலர் பிளாஸ்டிக், அட்டை எல்லாம் கழற்ற வேண்டும். நாம் பத்துச் சட்டையைப் பிரித்து, பிடிக்கவில்லை என்று கௌண்டரில் குவித்துவிட்டுப் போனால், அவர்கள் பத்தையும் பழையபடி மடித்து ஊசி குத்தி வைக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். ஒரு அளவில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் அளவு தெரிந்துவிடுகிறது, நிறத்துக்கு ஒன்று பிரிக்கத் தேவையில்லை. போட்டுப் பார்த்ததை நேர்ப்பக்கமாகத் திருப்பிச் சட்டத்தில் மாட்டிக் கையில் கொடுக்கலாம். கிழிந்தாலோ கறை பட்டாலோ சொல்லிவிடுங்கள். நாம் மறைத்துவைத்துவிட்டு வந்தால் அது யார் சம்பளத்தில் போகும் என்று யாருக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், "கஸ்டமர் நிக்கறது தெரியலையா?" என்று கேட்கிற ஆளாக நாம் இருக்க வேண்டாம்.

ஆன்லைன் விஷயத்தையும் தொடாமல் விட முடியாது. கேட்டில் நிற்கும் நம் செக்யூரிட்டி அண்ணன் எல்லாவற்றையும் பார்க்கிறார். டேக்கை உள்பக்கம் மடித்துவைத்து ரிசப்ஷனுக்குப் போய்வந்து, மறுநாள் ரிட்டர்ன் போடுவது நடக்கிறது. எந்த வீடு என்று சொல்லவில்லை. அந்தத் துணி அடுத்து யார் வீட்டுக்குப் போகும்? இதே பிளாக்கில் மூன்றாவது மாடிக்கே வரலாம். நிஜமாகவே குறை இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அளவு பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது, அது கடையின் விதியைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அடுத்த வருடம் அதே கடைக்குப் போனேன், சாக்ஸோடு. அவன் இல்லை. வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் கேஷியர். எந்தக் கிளை என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பெயரும் கேட்டுவைத்திருக்கவில்லை. "போன வருஷம் ஒரு பையன்" என்று எவ்வளவு தூரம் விசாரிக்க முடியும்? ஷூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தீபாவளி பர்ச்சேஸுக்கு நம் சங்கத்து வேன் தி.நகர் போகிறது. மாலை 4 மணிக்கு மெயின் கேட்டில் கிளம்பும், இதுவரை 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். துவைத்த சாக்ஸ் ஒரு டஜன் ஜோடி என்னிடம் இருக்கும். மறந்தவர்கள் வேனில் ஏறும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பத் தர வேண்டாம்.