தீவை நகர்த்திய எழுத்தாளர்

 

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, விரிவுரையாளர்களே, விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்து பின்வரிசைகளை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே,

கல்முனை வெயிலில் அந்த அங்கி படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1979இல் வெளிவந்த ஒரு நாவலில் நமது நாடு சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி வைத்தவர் ஆதர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19இல் கொழும்பில் கண்மூடும் வரை இங்கேயே வாழ்ந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவரும் அவரே. 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்ற அந்த நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டப்படுகிறது. ரொக்கெட் இல்லை, புகை இல்லை. 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் ஒரு வடத்தைப் பற்றிக்கொண்டு மேலே போய்விடலாம். அந்த வடத்தின் அடி மத்திய கோட்டில் ஊன்றியிருந்தால்தான் கணக்கு நேராகும். நமது தீவோ மத்திய கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. என்ன செய்வது? தீவை இழுத்து மத்திய கோட்டில் வைத்துவிட்டார். சிவனொளிபாத மலையை நினைவூட்டும் ஒரு மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார்.

நான் ரசிப்பது இதையல்ல. இவற்றையெல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று அந்த நாவலின் பின்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். எது நிலப்படத்தில் உள்ளது, எது தன் கையால் நகர்த்தியது என்று வாசகனிடம் கணக்கு ஒப்புவிக்கிறார். விஞ்ஞான உண்மைக்கும் விஞ்ஞானப் புனைகதைக்கும் நடுவே ஓடும் கோடு மங்கிவிட்டது என்று இன்று பலர் கவலைப்படுகிறார்கள். கோடு மங்கினால் மங்கட்டும். எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகினேன் என்று சொல்கிறவர் இருக்கும்வரை புனைகதையால் ஒரு கேடும் இல்லை.

அதே கிளார்க் 27 வயதில், பிரித்தானிய விமானப் படையில் ராடார் அதிகாரியாக இருந்தபோது, 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையின் 1945 ஒக்டோபர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மத்திய கோட்டுக்கு மேலே குறிப்பிட்ட ஓர் உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழே நிற்பவனுக்கு வானத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். மனிதன் அனுப்பிய ஒரு செய்மதிகூட அப்போது வானில் இல்லை. வாசித்தவர்கள் சிரித்திருந்தாலும் குற்றமில்லை. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்த இடத்தில் போய் நின்றது. டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடலுக்கு மேலால் அனுப்பியது. நமது வீட்டுக் கூரைகளில் பல டிஷ் அன்டெனாக்கள் ஏறக்குறைய மல்லாந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் அவை அடிவானம் நோக்கிச் சரிந்து நிற்கும். நாம் மத்திய கோட்டிலிருந்து ஏழு பாகைக்குச் சற்றுமேலே இருப்பதால் அவற்றின் செய்மதி நமக்கு உச்சிக்குக் கிட்ட வந்துவிடுகிறது. 1945 கட்டுரையின் கணக்கு இன்று கல்முனைக்குடிக் கூரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் அவர் பிழைத்த இடமும் உண்டு. அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்றே அவர் எண்ணினார். ட்ரான்சிஸ்டர் வரப்போவது அவருக்குத் தெரியாது.

தமிழில் நமக்கு எழுத்தாளர் சுஜாதா இருந்தார். கிளார்க்குக்கு மூன்று வாரம் முன்னதாக, அதே 2008இல் மறைந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸில் மின்னணு வாக்களிப்பு இயந்திர வேலையில் ஈடுபட்ட பொறியியலாளரான அவர்தான், 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவைத்தார். வாக்கு எண்ணும் இயந்திரத்துக்குள் கற்பனை புகக்கூடாது. நாய்க்குள் எவ்வளவும் புகலாம். எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நமது கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். உங்களில் அநேகர் அன்று கைக்குழந்தைகள். அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி உடைந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் அறிக்கை வெளியிட்டது: அதிர்ச்சி 8.0, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை. பின்னர் அந்த அளவு 9.1 என்று திருத்தப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை நிலையமே அப்போது இருக்கவில்லை. அலை மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை.

அந்த அலையின் வேகத்தைக் கணிக்க உயர்தரப் பௌதிகவியலே போதும். கடலின் ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஆழம் 4,000 மீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கணக்கு இருந்தது. முன்கதையும் இருந்தது. 1883 ஓகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது அதன் அலை காலித் துறைமுகம் வரை வந்ததை, 1957இல் வெளியான 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரோபேன்' என்ற நூலில் எழுதியவரும் இதே கிளார்க்தான். அது புனைகதை அல்ல, நடந்த சம்பவம். 47 வருடம் அது புத்தக அலுமாரியில் இருந்தது. ஆளிடம் போய்ச் சேராத உண்மையும் ஒரு கதைதான் என்பதை நமது மையவாடிகள் சொல்லும்.

இன்னொன்றை இன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கடல் உள்வாங்கினால் ஓடு என்று நமது பிள்ளைகள் படங்களிலும் காணொளிகளிலும் படித்திருக்கிறார்கள். அது பாதி உண்மை. 2004இல் உடைந்த இடத்தின் மேற்குப் பக்கத்தில் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கு நீர் முதலில் ஏறியே வந்தது. கடல் வற்றட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கிறவனுக்கு இந்தக் கரையில் நேரம் கிடைக்காது. தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையின் உண்மையை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவந்தால் அது ஆபத்தான புனைகதை ஆகிவிடுகிறது.

2012 ஏப்ரல் 11 உங்களுக்கு ஓரளவு நினைவிருக்கலாம். 8.6 அளவில் அதிர்ச்சி. எச்சரிக்கை வந்தது, கரையோரத்து மக்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. பொய்ச் செய்தி என்று பலர் ஏசினார்கள். பொய்யல்ல. அன்று கடலடி மேலெழாமல் பக்கவாட்டில் நழுவியதால் நீர் அதிகம் கிளம்பவில்லை. முதல் நிமிடங்களில் அதை அறிய வழியில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைப் பின்னர் திருத்துவது எச்சரிக்கை. தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்வது வதந்தி. 2025 ஜூலை 30இல் ரஷ்யாவின் கம்சத்காவில் 8.8 அதிர்ச்சி வந்தபோது பழைய காணொளிகளும் செயற்கை நுண்ணறிவு செய்த காணொளிகளும் உலகம் முழுக்கப் பறந்தன. அவற்றுக்குக் கிளார்க்கின் பின்னுரை இல்லை. எங்கே மாற்றினேன் என்று எவரும் சொல்லவில்லை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உம்மா கைத்தொலைபேசியை நீட்டுவார். "நீ படிச்ச புள்ளதானே, இது மெய்யா எண்டு பாரு" என்பார். வாப்பாவின் குடும்பக் குழுமத்தில் யாரோ ஒரு மாமா ஏற்கனவே அதை ஏழு பேருக்கு அனுப்பியும் இருப்பார். மாமாவோடு சண்டை வேண்டாம். எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, யார் சொன்னது என்று தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்; பட்டதாரி வாயிலிருந்து வருகிறபோது அந்தச் சொல்லுக்கும் மதிப்புண்டு.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டிசம்பர் விடுமுறை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் நீங்கள் படித்த பாடசாலைக்குப் போங்கள். அதிபரிடம் கேட்டு ஒரு பாடவேளை வாங்கி, அந்த வர்க்கமூலக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டி, கடல் வற்றும்வரை காத்திருக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பட்டம் பெறும் அனைவருக்கும் வாழ்த்துகள்.