திடலும் கட்டடமும் எழுத்தில் நிலைக்க

 

பல்கலைக்கழகங்களின் விளையாட்டு மரபுகளையும் வளாகச் சின்னங்களையும் எழுதித் தொகுக்கும் பணியில் நாங்கள் சிலர் தன்னார்வலராக ஈடுபட்டு வருகிறோம். லகாட்டில் வாழ்வோருக்குப் பல்கலைக்கழகத்தின் திடலோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடையளிப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஓர் எண்ணைக் கொண்டு தொடங்குகிறோம். நம் பேராக் மாநிலத்துக் குவாலா கங்சாரில் பிறந்து, சிங்கப்பூரில் மருத்துவம் பயின்ற மணி ஜெகதீசன், 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017ஆம் ஆண்டில் கைருல் ஹபிஸ் ஜந்தான் முறியடிக்கும்வரை அதுவே தேசியச் சாதனையாக இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அச்சாதனை நின்றதற்கு அவருடைய கால்கள் காரணம். அது நின்றதை நாம் அறிவதற்கோ, அன்று நேரம் குறித்தவரின் எழுத்தே காரணம். எழுதப்படாத ஓட்டத்தை எவரும் முறியடிக்கவும் இயலாது; போற்றவும் இயலாது.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். லகாட்டுக்குத் தென்மேற்கே, ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற ஏரிகளுக்கு இடையே எழுந்த வளாகம் அது. வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக, நடைபாதைகளின்மேல் வளைந்து செல்லும் அதன் கூரைகள் உலகப் புகழ் பெற்றவை. 2007ஆம் ஆண்டு கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தையும், அதன் சூலோ புடிமான் கட்டடத்தையும் ஆசிரியர்கள் நன்கறிவர். இவற்றை வரைந்தவர், திறந்தவர், பெற்ற விருது ஆகியவை நிறுவனங்களின் ஏடுகளில் உள்ளன. அங்குப் பயின்ற நம் பிள்ளைகள் எந்தத் திடலில் கபடி ஆடினர், எந்தப் படிக்கட்டில் அமர்ந்து தம் குழுவுக்குப் பெயர் சூட்டினர் என்பதை அவ்வேடுகளில் தேடிப் பயனில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு பிழையையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் வீட்டில், பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் கறுப்புவெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. படத்தின் பின்புறம் ஆண்டு மட்டும் இருந்தது, பெயர்கள் இல்லை. கோல் காவலர் யார் என்று கேட்டபோது, இரு முதியவர்கள் இரு வேறு பெயர்களைக் கூறினர். உறுதியாகப் பேசியவரின் சொல்லை நம்பி, ஒரு பெயரை எழுதிவிட்டோம். சில மாதங்களுக்குப் பின் ஓர் அம்மையார் எங்களைத் தேடி வந்தார். தம் தந்தையார் அதே சட்டையணிந்து, அதே குழுவினரோடு நிற்கும் மற்றொரு படத்தை எங்கள்முன் வைத்தார். அதில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. நாங்கள் எழுதியது தவறு.

அத்தந்தையார் பிறந்த இரப்பர்த் தோட்டம் இன்றில்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது; தோட்டப் பள்ளியின் திடலும் மறைந்துவிட்டது. பால்மரக் காட்டிலிருந்து ஒருவர் பல்கலைக்கழகம்வரை சென்று, அதன் குழுவுக்குக் கோல் காத்தார் என்பதற்கு அக்குடும்பத்திடம் எஞ்சிய சான்று அப்படமே. அந்தச் சான்றை நாங்கள் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். "அப்பா பேர மட்டும் சரியா போட்டுடுங்க ஐயா" என்று அவர் கேட்டது இன்றும் எங்கள் செவியில் ஒலிக்கிறது.

அன்றுமுதல் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். ஒருவர் கூறியதை அவர் கூறியதாகவே எழுதுகிறோம். கூறிய நாளையும் குறிக்கிறோம். இருவர் மாறுபட்டால் இரண்டையும் பதிகிறோம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்து வைக்கிறோம். படத்தின் முன்புறத்தோடு பின்புறத்தையும் படியெடுக்கிறோம். இந்த மரத்தடியில் நின்றால் வெற்றி கிட்டும் என்பன போன்ற வளாகக் கதைகளை ஒதுக்குவதில்லை. அவற்றைக் கதையென்றே குறிக்கிறோம். உயிரோடிருப்பவரின் படத்தை அவர் இசைவின்றி வெளியிடுவதில்லை.

ஆசிரியர்களே, இப்பணியைப் புறப்பாட நடவடிக்கையாக உங்கள் பள்ளித் திடலிலிருந்தே தொடங்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டியின் பழைய நிகழ்ச்சிநிரல் ஒன்று போதும். மாணவர்களே, நாளை நீங்கள் பல்கலைக்கழகம் புகும்போது ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லுங்கள். உங்கள் குழுவின் படத்தை எடுத்த அன்றே, இடமிருந்து வலமாகப் பெயர்களை முழுமையாக எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள்.

தோட்டங்கள் மறைந்தபோது அவற்றின் திடல்களை எழுதி வைக்க நாம் தவறினோம். அவ்விழப்பு மீளாது. பல்கலைக்கழகத் திடல்கள் இன்னும் கண்முன் இருக்கின்றன. அவற்றில் ஆடிய முதல் தலைமுறையினர் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். இவ்வாரமே அவர்களுள் ஒருவர் வீட்டுக்குச் சென்று, அவருடைய பழைய படங்களைக் காட்டுமாறு கேளுங்கள் என்று வேண்டி அமைகிறோம்.