கித்தாருக்கு எத்தனை விரல் வேண்டும்?

(பங்கின் யூபிலி ஆண்டையொட்டி நடந்த இசைப் பயிற்சி நாளில் பாடகற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'திருவழிபாட்டில் இசைக்கருவிகள்' என்பது. தலைப்பு பெரியது, நேரமோ சிறியது. ஆகவே அவற்றில் ஒரு கருவியை, அந்தக் கருவியிலும் ஒரு கையை, அந்தக் கையிலும் ஒரு விரலைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியைக் கோருகிறோம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் கித்தார் வாசிக்கும் தம்பி ஒருவர், குலசேகரம் பக்கம் வேலைக்குப் போயிருந்த இடத்தில், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் வலது கை ஆட்காட்டி விரலை இழந்தார். உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுக்கும்போது ஒரு நொடி கவனம் தப்பினால் போதும். நம் மாவட்டத்தில் இது பலருக்கும் தெரிந்த சங்கதி. காயம் ஆறிவிட்டது. ஆனால் தம்பி பாடகற்குழுப் பக்கமே வரவில்லை. திருப்பலிக்கு வந்தாலும் கடைசி வரிசைதான். சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் கை கூப்பக்கூடத் தயங்குவார்.

யூபிலிப் பாடல்களுக்கு ஒத்திகை தொடங்கியதும் குழுவில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "அவர் பாடட்டும், கருவி வேண்டாம். ஆயர் வருகிற நாளில் தாளம் பிசகினால் யாருக்கு மரியாதை?" என்றார்கள் சிலர். "அவர் இடம் அவருக்கே" என்றார்கள் மற்றவர்கள். இரு தரப்பிலும் பங்கின் மேல் அன்பு உண்டு. ஆனால் விரல் இல்லாமல் வாசிக்க முடியுமா முடியாதா என்பதை அன்பு தீர்மானிக்காது. கித்தாரைத்தான் கேட்க வேண்டும். கேட்டோம்.

கித்தாரில் இரண்டு கைகளுக்கும் ஒரே வேலை அல்ல. இடக்கையின் நான்கு விரல்களும் கம்பிகளை அழுத்திக் கார்டு பிடிக்கின்றன. அங்கே ஒரு விரல் குறைந்தால் பிடிப்பையே மாற்ற வேண்டும். வலக்கையோ, ஸ்ட்ரம்மிங் செய்யும்போது, கம்பிகளை மேலும் கீழுமாக வீசி உரசுகிறது. அதற்குத் தேவை பிளெக்ட்ரத்தைப் பிடிக்க இரண்டு விரல்; மிச்சமெல்லாம் மணிக்கட்டின் வேலை, முழங்கையின் வேலை. கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிறோமே, அதே அசைவுதான். எனவே இரண்டில் வலக்கை இழப்புத்தான் சமாளிக்க எளிது.

விரல் இழந்தவர்களிடம் ஜாங்கோ ரைன்ஹார்ட் கதையைச் சொல்வது வழக்கம். 1928-இல் பாரீஸ் அருகே வண்டி வீட்டில் பிடித்த தீயில் அவருக்கு இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் செயலற்றுப் போயின. மீதி இரண்டு விரலைக் கொண்டே அவர் உலகம் வியக்க வாசித்தார். இங்கிலாந்தின் டோனி அயோமி 1965-இல் தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் கார்டு பிடிப்பது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். இரண்டும் அருமையான கதைகள். ஆனால் இருவருக்கும் அடிபட்டது கார்டு பிடிக்கும் கை. எங்கள் தம்பிக்கு அவர்களிடமிருந்து தைரியம் கிடைக்கலாம், வழி கிடைக்காது.

வழிக்கு நெருக்கமானவர் அமெரிக்காவின் ஜெர்ரி கார்சியா. 1947-இல், நான்கு வயதில், அண்ணனோடு விறகு வெட்டும் இடத்தில் கோடரி பட்டு அவருடைய வலக்கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அவர் 1965 முதல் 1995-இல் இறக்கும்வரை தம் குழுவோடு 2,000-க்கும் மேற்பட்ட மேடைகளில் அந்தக் கையால்தான் வாசித்தார். அவருக்கு ஆட்காட்டி விரல் மிஞ்சியது, நடுவிரல் இல்லை. எங்கள் தம்பிக்கு நேர் எதிர். ஆகவே பிளெக்ட்ரம் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே போக வேண்டும்.

சொல்ல எளிது. செய்து பார்த்தபோது தெரிந்தவற்றைச் சொல்கிறோம். நடுவிரல் நீளமானது, அதனால் பிளெக்ட்ரம் சாய்ந்து நிற்கும், கம்பியில் அதன் ஓரம் பட்டுச் சரசரக்கும். கித்தார் பெட்டியின்மேல் வைக்கும் முழங்கையை இரண்டு விரற்கடை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் பார்த்து, ஒலி தெளிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிளெக்ட்ரத்தின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும். நீளமாக விட்டால் மேல்வீச்சில் கம்பி அதைப் பிடுங்கிக்கொள்ளும். மோதிர விரலை நடுவிரலுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தால் பிடி உறுதிப்படும். கனமான பிளெக்ட்ரம் வேண்டாம், 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் போதும், அது வளைந்து கொடுக்கும். நம் ஊர் வியர்வையில் வழுக்கினால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டி இருபுறமும் ஒட்டலாம். இது தம்பியின் கண்டுபிடிப்பு. இப்போது ஐந்து விரலும் உள்ளவர்கள்கூட அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு தொல்லை, விரலின் மிச்சமிருக்கும் அடிப்பகுதி. கம்பி அதில் பட்டால் மின்சாரம் தாக்கியதுபோல் சுரீர் என்னும். மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பஞ்சால் வருடி, பிறகு முரட்டுத் துணியால் தேய்த்து, பிறகு அரிசிப் பானைக்குள் கையைவிட்டுத் துழாவித் துழாவி அந்தக் கூச்சத்தைக் குறைப்பது கை வைத்தியத்தில் உள்ள முறை. பெருவிரல் அடிச்சதையும் முதலில் வலிக்கும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கம்பியைத் தொடாத வேளையிலும் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும். தாளம் நிற்பது அந்த அசைவில்தான். நாலு நடைப் பாடல்கள் முதலில் கைவந்தன. மூன்று நடை வேகப் பாடல்களுக்குக் கூடுதல் நாட்கள் பிடித்தன.

ஒவ்வொரு கம்பியாக விரல்களால் மீட்டும் முறை வேறு. அங்கே பெருவிரல் தடித்த கம்பிகளையும், மற்ற மூன்று விரல்கள் மெல்லிய மூன்றையும் பார்த்துக்கொள்ளும். ஆட்காட்டி விரல் இல்லையென்றால் அதன் கம்பியையும் பெருவிரலே இறங்கி வந்து எடுக்க வேண்டும். மெதுவான பாடலில் முடிகிறது, வேகமான பாடலில் இன்னும் முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறோம்.

இவ்வளவும் ஆன பிறகும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "வாசிக்கலாம், சரி. பீடத்துக்கு அருகே, எல்லாரும் பார்க்க, குறைபட்ட கையோடு வாசிப்பது முறையா?" அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. திருச்சபைக்குள்ளேயே எழுந்த பழைய கேள்விதான் அது.

புனித ஐசக் ஜோகுஸ் நம் சவேரியாரைப் போலவே இயேசு சபைக் குரு, பிரெஞ்சுக்காரர். வட அமெரிக்காவில் 1642-இல் மோகாக் இனத்தவரிடம் சிறைப்பட்டார். இடக்கைப் பெருவிரல் வெட்டப்பட்டது. வேறு விரல்களும் கடித்துச் சிதைக்கப்பட்டன. தப்பி 1643 கிறிஸ்துமஸ் வேளையில் பிரான்சுக்குத் திரும்பியவருக்குத் திருப்பலி நிறைவேற்றத் தடை. அன்றைய சட்டப்படி நற்கருணையைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மட்டுமே தொட வேண்டும். எழுந்தேற்றத்துக்குப் பிறகு குருவானவர் அந்த இரு விரலையும் ஒட்டியே வைத்திருந்த பழைய முறையை நம் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். பிளெக்ட்ரம் பிடிக்கும் விரல்களும் அதே இரண்டுதான்! திருத்தந்தை எட்டாம் உர்பான் விதிவிலக்கு அளித்தார். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தியவர் கிறிஸ்துவின் இரத்தத்தைப் பருகாதிருப்பது தகாது என்பது அவர் கருத்து. ஜோகுஸ் அந்தக் கையோடு பலி நிறைவேற்றினார், மீண்டும் அதே மக்களிடம் போனார், 1646-இல் கொல்லப்பட்டார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1930-இல், நம் கோட்டாறு மறைமாவட்டம் பிறந்த அதே ஆண்டில்.

குருவானவரின் விரலுக்கே விலக்கு உண்டென்றால், பாடகர் விரலுக்குச் சட்டமே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனைப் போற்றிவிட்டு, தகுந்த பிற கருவிகளுக்கும் இடம் தருகிறது. வாசிப்பவரின் விரல்களை அது எண்ணவில்லை. இதைக் கேட்ட அந்தப் பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனுக்கு உட்கார நல்ல நாற்காலி போடுங்க" என்றார்.

யூபிலித் திருப்பலியில் வருகைப் பாடலுக்கும் நன்றிப் பாடலுக்கும் தம்பியே வாசிக்கிறார். காணிக்கைப் பாடலில் விரல் மீட்டல் வேகமாக இருப்பதால் அதை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். அப்படிக் கேட்டதும் தம்பிதான்.

இனி ஒத்திகை. கித்தார் கொண்டுவந்தவர்கள் அனைவரும் பிளெக்ட்ரத்தைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் மாற்றிப் பிடியுங்கள். ஆட்காட்டி விரலை மடக்கிக்கொள்ளுங்கள். உன்னதப் பாடலின் முதல் பகுதியை, மெதுவாக, தம்பி தாளம் கொடுக்க, சேர்ந்து வாசிப்போம்.